பெயர் எழுதாத சதுரங்கள்

நியகல்லோவுக்குப் பின்னல் வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. தலைநகர் மசேருவில் ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்த காலத்தில், நடைபாதையில் பழைய துணி விற்பவன் கொட்டிவைத்திருந்த குவியலில் ஒற்றைக் கம்பளிக் காலுறை ஒன்று கிடந்தது. ஜோடி இல்லை என்பதால் சும்மாவே கொடுத்துவிட்டான். நேராக இறங்கி வந்த பின்னல் குதிகாலில் மட்டும் எப்படித் திரும்பிக் கிண்ணம்போல் குழிகிறது என்பது அவளுக்குப் புரியவே இல்லை. அறைக்கு வந்து அதை வரிசை வரிசையாக அவிழ்த்தாள். அவிழ்த்த நூலையே திரும்பப் பின்னினாள். தப்பு வந்தால் மறுபடி அவிழ்த்தாள். குதிகால் பிடிபட்டபோது நூல் நைந்து பஞ்சாகியிருந்தது. காலுறை போனது, வித்தை தங்கிவிட்டது.

அன்றிலிருந்து எதற்கும் அவளுக்கு அதுதான் வழி. பாடாத ரேடியோவானாலும் சரி, ஊரில் கிளம்பும் புரளியானாலும் சரி, "அவிழ்த்துப் பாத்தாத்தானே தெரியும்" என்பாள். இப்படிப்பட்ட பெண்களை ஊருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

தொழிற்சாலை மூடியதும் கணவனின் ஊரான மஃபெடெங்குக்கு வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் மெஷின் பழுது பார்க்கும் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில், ரெலெபோ என்பவள் கம்பளி நூல் கடை வைத்திருந்தாள். மலையிலிருந்து வரும் ஆட்டுக் கம்பளியும் அங்கோரா ஆட்டின் பளபளப்பான மோஹேரும் அங்கே சிட்டம் சிட்டமாகத் தொங்கும். சனிக்கிழமை மத்தியானம் நூல் மூட்டைகளை ஓரம் தள்ளி, அடுப்பைச் சுற்றி நாற்காலிகள் போட்டுவிடுவாள். பெண்கள் ஊசியோடு வருவார்கள். ஒருத்தி மக்வென்யா என்னும் மாவுருண்டை பொரித்துக்கொண்டு வருவாள், ஒருத்தி புருஷனைப் பற்றிய புகாரைக் கொண்டுவருவாள், இரண்டும் சூடாகப் பரிமாறப்படும். அந்த வட்டத்தில் ஜன்னலோர நாற்காலி நியகல்லோவுடையது. செவ்வாய்க்கிழமைகளில் அதே கடையில் குதிகால் வகுப்பு எடுத்தாள். அந்த வருமானத்தில்தான் வீட்டில் மாவும் நிலக்கரியும் வந்தன.

வகுப்பில் அவளோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவள் மதபேலோ. தேவாலயத்தின் வியாழக்கிழமைப் பிரார்த்தனைச் சங்கத்துக்குத் தலைவி. சண்டையெல்லாம் எச்சிலைப் பற்றி. ஒரு நூல் தீர்ந்து அடுத்த நூலைச் சேர்க்கும்போது இரண்டு நுனியையும் பிரித்து, உள்ளங்கையில் வைத்து, எச்சில் தொட்டுச் சூடு பறக்கத் தேய்த்தால் கம்பளி தானாக ஒட்டிக்கொள்ளும். முடிச்சே தேவையில்லை. வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், மதபேலோவைத் தவிர.

"த்தூ! மனுசங்க போட்டுக்கிறதுல எச்சிலா? எங்க அம்மா என்னை அப்படி வளர்க்கல."

"முடிச்சு போட்டா குதிகால்ல குத்தும், ம்மே மதபேலோ."

"குத்தட்டும். சுத்தமா குத்தட்டும்."

கல்யாணமான எந்தப் பெண்ணையும் இங்கே ம்மே என்றுதான் அழைப்பார்கள். மதபேலோ வாயில் அந்தச் சொல் வந்தால் மட்டும் அதற்குப் பின்னால் ஒரு குட்டு காத்திருக்கும். நியகல்லோவின் பின்னல் இறுக்கமாக இருக்கும் என்பதால், "ம்மே நியகல்லோ, உன் காலுறையில தண்ணி மொண்டு குடிக்கலாம் போலிருக்கே" என்பாள். வட்டமே சிரிக்கும், நியகல்லோவும் சேர்ந்து சிரிப்பாள்.

ஈஸ்டருக்குப் பின் நியகல்லோவின் கணவன் இறந்தான். எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வயதில் இறங்கியவன். நுரையீரல் நிறையத் தூசியோடு திரும்பி வந்து, இரண்டு குளிர்காலம் இருமி, மூன்றாவதைப் பார்க்காமல் போய்விட்டான்.

இழவு முடிந்ததும் நியகல்லோவின் தலையை மழித்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கருப்பு உடுத்திவிட்டார்கள். செத்தவனின் அண்ணன் மொஹாபி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சட்டம் சொன்னார்.

"ஒரு வருசம். கருப்பைக் கழட்டுற வரைக்கும் நாலு பேர் கூடுற இடத்துக்குப் போகக் கூடாது. அடுத்தவங்க சாமானைத் தொடக் கூடாது. பச்சப்புள்ள இருக்கிற வீட்டுப் பக்கமே தலைகாட்டாதே. வெயில் சாயறதுக்குள்ள வீட்டுல இருக்கணும். டாக்ஸியில போனா கடைசி சீட்டு."

"அண்ணே, உங்க வீட்டுக்காரி செத்தப்ப நீங்க என்ன போட்டிருந்தீங்க?"

மொஹாபி தன் சட்டைக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு கருப்புத் துணுக்கைக் குத்திக்கொண்டு அவர் பீர்க்கடைக்குப் போய்வந்தது ஊருக்கே தெரியும்.

"அது வேற. ஆம்பளைக்கு வேலைவெட்டி இருக்கு."

"எனக்கும் இருக்கே. வகுப்பு."

"பொம்பளைங்க கூடி ஊர்வம்பு அளக்குறதெல்லாம் ஒரு வேலையா?"

"பீர்க்கடையில நீங்க பேசுறது என்ன, பாராளுமன்றமா?"

பதில் கிடைக்காத ஆண்கள் வழக்கமாகச் செய்வதுபோல மொஹாபி முன்னோர்களைத் துணைக்கு அழைத்தார். செனியாமா ஒட்டியிருக்கிறது, தொட்டது துலங்காது என்றார்.

கணவன் செத்தால் மனைவிமேல் ஒட்டிக்கொள்ளும் தீட்டிருட்டுக்குத்தான் செனியாமா என்று பெயர். மனைவி செத்தால் அது ஏனோ கணவன்மேல் ஒட்டுவதில்லை. ஆளைப் பார்த்து ஒட்டத் தெரிந்த இருட்டு! அவள் கணவனைக் கொன்றது சுரங்கத் தூசி. அந்தத் தூசியை ஆண்டாண்டு காலமாக அவன் நெஞ்சுக்குள் ஊட்டிவிட்ட முதலாளியை யாரும் கருப்பு உடுத்தச் சொல்லவில்லை, வெயில் சாய்வதற்குள் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, கடைசி சீட்டில் உட்காரச் சொல்லவில்லை. அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, அவன் கோழையைத் துடைத்தவளுக்குத்தான் அத்தனை தண்டனையும்.

நியகல்லோ உடையைப் போட்டுக்கொண்டாள். கருப்புத் துணியோடு அவளுக்குச் சண்டையில்லை. கணவன்மேல் அவளுக்கு ஆசை இருந்தது, துக்கமும் உண்மை. கைகளைக் கட்டிப்போடுவதுதான் பொறுக்கவில்லை. மிச்ச நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகப் பின்னினாள். முன்போல் இறுக்கம் வரவில்லை. துக்கத்தில் விரல் தளர்ந்துவிட்டதோ என்னவோ, கண்ணிகள் நெகிழ்ந்து நெகிழ்ந்து விழுந்தன. அவளுடைய பின்னல் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

ரெலெபோ கடையின் வாசலுக்கு வெளியே, பெஞ்சில் ஒரு கூடை இருக்கும். வட்டத்தில் யாருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதோ அவளுக்காக, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரே அளவில் சதுரம் பின்னி அதில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் பெயர் எழுதுவதில்லை. கூடை நிறைந்ததும் எல்லாவற்றையும் இணைத்துக் குழந்தைக்குப் போர்வையாக்குவார்கள். அந்தக் குளிர்காலத்தில் கூடை நிறைந்தது லினேயோவுக்காக. லினேயோ மதபேலோவின் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கணவனின் மருத்துவச் சான்றிதழுக்காக நியகல்லோ அந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் கூடையருகே நிற்பாள். கடைக்குள்ளே போகக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். கூடையோ வெளியே இருந்தது. கையிலிருந்த சதுரத்தை மற்றவற்றுக்கு நடுவே வைத்துவிட்டு நடப்பாள். கம்பளிக்கு யார் விதவை என்று தெரியாது என்பது அவள் எண்ணம்.

குளிர் விலகும் சமயம் லினேயோவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பீச் மரங்கள் பூவுதிர்த்துப் பிஞ்சு விட்ட நாட்களில் ரெலெபோ நியகல்லோவின் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"சொல்லு ரெலெபோ. நாற்காலி பாவம்."

"கோடைக்கால வகுப்பு ஆரம்பிக்கணும். நிறையப் பேர் சேந்திருக்காங்க. ஆனா கருப்புல இருக்கிறவ சொல்லிக்கொடுத்தா வரமாட்டோம்னு சிலர் சொல்றாங்க."

"சிலர்னா? பேரு மதபேலோதானே?"

"பேரெல்லாம் எதுக்கு? எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனா நான் கடை நடத்துறவ. மசேருவிலிருந்து வேற ஒருத்தியை வரச்சொல்லட்டுமான்னு யோசிக்கிறேன்."

"அவ வந்துட்டா அப்புறம் போவாளா?"

ரெலெபோ தரையைப் பார்த்தாள். போகமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு வருடம் கழித்துக் கருப்பைக் கழற்றிவிட்டு வந்தால் நியகல்லோவுக்கு வகுப்பு இருக்காது.

"இந்தச் சனிக்கிழமை வா, ம்மே," என்றாள் ரெலெபோ கடைசியில். "வட்டத்துல உன்னை உக்கார விட்டாங்கன்னா வகுப்பு உன்னோடது. எழுந்து போயிட்டாங்கன்னா, நான் என்ன செய்யட்டும்?"

சனிக்கிழமை நியகல்லோ கடைக்குள் நுழைந்தாள். ஊசிகள் நின்றன. ஜன்னலோர நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் போய் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிகள் சத்தமில்லாமல் விலகின. மேசையில் இருந்த மக்வென்யாத் தட்டை ஒருத்தி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்றாள் நியகல்லோ.

மதபேலோ ஊசியை மடியில் வைத்தாள். அருகில் லினேயோ, போர்வையால் குழந்தையை முதுகோடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ம்மே நியகல்லோ, உன்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. இங்க பச்சப்புள்ள இருக்கு. உன் மூச்சுக்காத்து படலாமா?"

"என் மூச்சு எதுக்கு? என் கையே பட்டிருக்கு."

"என்ன சொல்றே?"

"உன் பேத்தி போத்தியிருக்கிற போர்வையில என் சதுரமும் இருக்கு. குளிர்காலம் முழுக்கக் கூடையில போட்டேன்."

மதபேலோ எழுந்த வேகத்தில் நூலுருண்டை உருண்டு அடுப்படிக்கு ஓடியது. "ஏமாத்திட்டியா! எல்லாரையும் ஏமாத்திட்டே!"

"கூடையில பேரெழுதிப் போடுற வழக்கம் எப்ப வந்துச்சு?"

"அதான்! அதான் புள்ள ராத்திரியெல்லாம் அழுவுது! கழட்டு லினேயோ, அந்தப் போர்வையைக் கழட்டு!"

"புள்ளைன்னா அழும்மா," என்றாள் லினேயோ. "நான் அழலையா?"

"நீ இன்னும் அழுவே, வாயை மூடு!"

லினேயோ குழந்தையை முன்னால் இறக்கி ரெலெபோவின் கையில் கொடுத்தாள். போர்வை மேசைமேல் விரிந்தது. சாம்பல், பழுப்பு, தவிட்டு நிறம், அங்கங்கே சாயம் தோய்த்த நீலம் என்று சதுரத்தை ஒட்டிச் சதுரம். மதபேலோ குனிந்தாள். சதுரம் சதுரமாக விரலை ஓட்டினாள். ஒரு நீலச் சதுரத்தின்மேல் விரல் நின்றது. மற்றவை இழுத்தால் வளைந்தன. அது பலகைபோல் விறைத்துக் கிடந்தது.

"இதுதான். இந்த இறுக்கத்தைப் பாருங்கடி. தண்ணி மொண்டு குடிக்கலாம். இவ கையை எனக்குத் தெரியாதா? கத்தரிக்கோல் குடு ரெலெபோ. இதைப் பிரிச்சு அடுப்புல போடணும்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "ஆமா, நியகல்லோ கைதான்" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அது தன்னுடையது இல்லை என்று நியகல்லோவுக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்றும் தெரியும்.

மதபேலோ இணைப்புத் தையலை வெட்டிச் சதுரத்தைப் பிரித்தெடுத்தாள். போர்வையின் நடுவில் ஓட்டை விழுந்தது. அவள் அடுப்பின் மூடியைத் திறக்கப் போனபோதுதான் நியகல்லோ பேசினாள்.

"எரிக்கிறதுக்கு முன்னாடி அவிழ்த்துப் பாரு."

"அவிழ்த்து என்ன பாக்குறது?"

"என் கைன்னு சொல்றியே, உறுதிதானே? உறுதின்னா அவிழ்க்க என்ன பயம்? இத்தனை பேர் பாக்கட்டும்."

"எனக்கா பயம்?" மதபேலோ நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கண்ணிகள் ஒவ்வொன்றாகச் சரசரவென்று விட்டன. ஒரு வரிசை, இன்னொரு வரிசை. அவிழ்ந்த நூல் சுருள் சுருளாக மேசையில் சேர்ந்தது. பாதிச் சதுரம் தாண்டியதும் நூல் டக்கென்று நின்றது. இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்ததும் கண்ணிக்குள்ளிருந்து ஒன்று துள்ளி வெளியே வந்தது.

முடிச்சு. மிளகு அளவுக்குக் கெட்டியான, சுத்தமான, இரட்டை முடிச்சு.

மூலையில் ஒருத்தி முதலில் மூக்கால் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது.

"இந்த ஊர்ல எச்சில் தொடாம முடிச்சு போடுறது யாருங்கடி?" என்றாள் ரெலெபோ, குழந்தையை ஆட்டிக்கொண்டே.

"எங்கம்மாதான்," என்றாள் லினேயோ.

வட்டம் வெடித்தது. ஒருத்தி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மதபேலோ முடிச்சைப் பார்த்தபடியே நின்றாள். மகளின் பிரசவத்தை நினைத்து நினைத்துப் பின்னிய சதுரம் அது. பிரசவத்துக்கு முன்னால் மகளைப் பரிசோதித்த நாளில் ஆஸ்பத்திரியில் ஏதோ சிக்கல் என்றார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பயத்தை எல்லாம் நூலில் போட்டு இழுத்து இழுத்துப் பின்னியிருந்தாள். அது இறுகியதை அவளே கவனிக்கவில்லை. சொந்தப் பயத்தைப் பார்த்து விதவையின் கை என்று சத்தியம் செய்துவிட்டாள். ஊரில் சொல்லப்படும் செனியாமாக் கதைகளை அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்.

"அப்ப உன்னோடது எது?" என்று கேட்டாள், குரலில் பழைய அதிகாரம் இல்லாமல்.

"சொல்லமாட்டேன்," என்றாள் நியகல்லோ. "வேணும்னா ஒவ்வொண்ணா அவிழ்த்துப் பாரு. கடைசியில புள்ளைக்குப் போர்வை இருக்காது, நூல்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியும்," என்றாள் லினேயோ.

எல்லோரும் திரும்பினார்கள்.

"வயித்துல புள்ளையோட நான் இந்த ஜன்னல்கிட்டதானே உக்காந்திருப்பேன்? ம்மே நியகல்லோ கூடையில வைக்கிறதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன். எது எதுன்னு தெரிஞ்சுதான் நானே கையால எடுத்து இணைச்சேன். மெத்துமெத்துன்னு இருக்கிறதெல்லாம் அவங்களோடது. புள்ளையோட கன்னம் படுற பக்கமா வெச்சிருக்கேன்."

"அடிப்பாவி," என்றாள் மதபேலோ. திட்டுவதுபோல்தான் தொடங்கினாள், முடியும்போது அது வேறு எதுவோவாக இருந்தது. ரெலெபோவின் கையில் குழந்தை கொட்டாவி விட்டது. கொழுகொழுவென்று இருந்தது.

"சும்மா நிக்காதீங்க. என் புள்ள போர்வையில ஓட்டை விழுந்திருக்கு," என்றாள் லினேயோ. "யாரு பின்னித் தர்றது? ம்மே நியகல்லோ, நீங்க செஞ்சு குடுங்க. இதே நூல்ல."

நியகல்லோ மதபேலோவைப் பார்த்தாள். அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு மதபேலோ மிச்சச் சதுரத்தையும் அவிழ்த்து, சுருண்டு கிடந்த நூலை அள்ளி, இரண்டு மணிக்கட்டிலும் மாட்டிக்கொண்டு, கைகளை நியகல்லோவுக்கு முன்னால் நீட்டினாள். முகம் மட்டும் ஜன்னல் பக்கம்.

"சுத்து. வெயில் சாயறதுக்குள்ள நீ வீட்டுக்குப் போகணும்ல."

"போவேன். முன் சீட்டுல."

"டிரைவர் விடமாட்டான்."

"உங்க சங்கத்து ஆளுங்க நாலு பேர் கூட வந்தா?"

மதபேலோ கையை இறக்கவில்லை. விலகிப்போன நாற்காலிகளில் ஒன்று கரகரவென்று திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை, அதில் இருந்தவள் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரெலெபோ அவள் போவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை வகுப்புக்குச் சீக்கிரம் வந்துடு ம்மே, புதுசா சேந்தவங்களுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது" என்றாள்.

நூலைச் சுற்றிக்கொண்டே வந்த நியகல்லோவின் விரல் முடிச்சில் இடறியது. நிறுத்தினாள்.

"இது கூடாது. கன்னத்துல குத்தும்."

முடிச்சைக் கிள்ளி எறிந்தாள். இரண்டு நுனியையும் இழை இழையாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். வழக்கம்போல் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோனவள், பாதியில் நின்று, நுனிகளை மதபேலோவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன் பேத்திக்கு. நீயே பண்ணு."

மதபேலோ நூலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "த்தூ" என்றாள். இரண்டு கையும் சேர்த்து, பகையாளியைத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம். சூடு வரணும்."

மேலும் தேய்த்தாள். நியகல்லோ ஒரு முனையைப் பிடித்தாள், மதபேலோ மறுமுனையை. இருவரும் இழுத்தார்கள்.

"விட்டுடுச்சா?" என்றாள் மதபேலோ, இன்னும் கண்ணைத் திறக்காமல்.

"இல்லை. இழு."